மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்: கரூவின் தண்ணீர்க் கணக்கும் பால்ம நீர்மங்களும்

தென்னாப்பிரிக்காவின் வறண்ட உள்நாட்டுப் பகுதியான கரூவின் களிப்பாறையிலிருந்து எரிவாயு எடுப்பதைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், எங்கள் டர்பன் வட்டாரத்தில் ஒரு வாதம் தவறாமல் தலைகாட்டுகிறது. ஃபிராக்கிங் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் நீரியல் விரிசல் முறைக்குத் தண்ணீர்தானே தடை, நீரைக் குறைத்து எண்ணெயும் நீரும் கலந்த எமல்ஷனை, அதாவது பால்மத்தைச் செலுத்திப் பாறையைப் பிளக்கலாமே, அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே அப்படிச் செய்திருக்கிறார்களே என்பதுதான் அந்த வாதம். சாட்ஸ்வொர்த்தில் நடந்த ஒரு குடும்ப விருந்தில் என் மைத்துனர், "மச்சான், நீங்கள்தானே காலமெல்லாம் எமல்ஷன் வேலை பார்த்தவர், இது நடக்குமா நடக்காதா?" என்று நேராகவே கேட்டார். ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில் பால்மமாக்கிகள் தயாரிக்கும் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். எண்ணெய்க் கிணற்றருகே நின்று வேலை செய்தவன் அல்லன். ஆயினும் அந்த நீர்மங்களின் வேதியியல் எங்கள் வேதியியல்தான் என்பதால், விருந்தில் சொல்லி முடிக்க முடியாத விடையை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

வேதியியலைப் பொறுத்தவரை அந்த வாதத்தில் பிழையில்லை. நிலத்தைப் பொறுத்தவரைதான் அது பொருந்தவில்லை.

இந்தத் தொழிலில் எண்ணெய் புதிய விருந்தாளியும் அன்று. 1947ஆம் ஆண்டில் ஸ்டானோலிண்ட் எண்ணெய் நிறுவனம் கான்சஸ் மாநிலத்தின் ஹியூகோடன் வயலில் நடத்திய முதல் சோதனையில் பாறைக்குள் செலுத்தப்பட்டது தண்ணீரன்று. நேபாம் கொண்டு கெட்டியாக்கப்பட்ட பெட்ரோல், ஏறத்தாழ 1,000 கேலன். 1949 மார்ச் 17 அன்று ஓக்லஹோமாவிலும் டெக்சாசிலும் ஹாலிபர்ட்டன் நிறுவனம் வணிக அளவில் முதல் பணிகளைச் செய்தபோதும் எண்ணெய் சார்ந்த நீர்மங்களே பயன்பட்டன. நன்னீர் பட்டால் பாறையிலுள்ள களிமண் உப்பித் துளைகளை அடைத்துவிடும் என்ற அச்சம் அன்றைய பொறியாளர்களுக்கு வலுவாக இருந்தது. அந்த அச்சத்துக்குக் காரணமும் இருந்தது. தண்ணீர் இத்தொழிலுக்குள் நுழைந்தது 1953 அளவில்தான். பின்னர் அதைத் தடிப்பாக்கக் கொத்தவரை விதையின் பிசின் வந்து சேர்ந்தது. உலகக் கொத்தவரை விளைச்சலில் மிகப் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து, அதிலும் ராஜஸ்தானின் வறண்ட நிலங்களிலிருந்து கிடைப்பதால், அமெரிக்கக் களிப்பாறைத் தொழில் பெருகிய 2011, 2012 ஆண்டுகளில் அந்த விதையின் விலை தாறுமாறாக ஏறியது பலருக்கு நினைவிருக்கலாம்.

எண்ணெயையும் தண்ணீரையும் ஒன்றாகச் சேர்க்கும் முயற்சி முழு வடிவம் பெற்றது 1970களின் தொடக்கத்தில், எக்சான் நிறுவனத்தின் ஆய்வாளர்களால். பலபடிப் (பாலிமர்) பால்மம் என்று அதைச் சொல்லலாம். மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய், மூன்றில் ஒரு பங்கு உப்புநீர், அந்த உப்புநீரில் கரைத்த சிறிதளவு பிசின், இரண்டையும் பிரியாமல் பிடித்து வைக்க ஒரு பால்மமாக்கி: இவ்வளவுதான் சரக்கு. எண்ணெயாகக் கிணற்றின் கச்சா எண்ணெயே பயன்படலாம். டீசலோ மண்ணெண்ணெய் வகையோ பயன்படலாம். எண்ணெய் இரண்டு மடங்கு இருந்தாலும் அது நுண்துளிகளாகச் சிதறி உள்ளே நிற்கிறது. தண்ணீர்தான் துளிகளைச் சூழ்ந்து வெளியே நிற்கிறது. அலமாரியில் இருக்கும் மயோனைசே புட்டி இதே அமைப்புதான்: எடையில் பெரும்பகுதி எண்ணெய், ஆனாலும் தண்ணீரில் கழுவினால் கரைந்து போகிறது.

இந்தக் கலவை ஏன் தடிக்கிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் முறையின் வலிமையும் நலிவும் அங்கேதான் பிறக்கின்றன. டீசலும் உப்புநீரும் தனித்தனியே எளிதாக ஓடுபவை. ஒரே அளவுள்ள உருண்டைகளை மிக ஒழுங்காக அடுக்கினால் இடத்தில் 74 விழுக்காட்டை நிரப்பலாம். ஒழுங்கின்றிக் கொட்டினால் ஏறத்தாழ 64 விழுக்காட்டிலேயே நெரிசல் முற்றிவிடும். மூன்றில் இரண்டு பங்கு என்பது இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட அளவு. எண்ணெய்த் துளிகள் ஒன்றையொன்று முட்டி, அமுங்கி, நகர இடமின்றி நிற்கின்றன. நீர்மம் ஓட வேண்டுமானால் அவை உருமாறி ஒன்றையொன்று கடந்து செல்ல வேண்டும். பிசினை அள்ளிக் கொட்டாமலேயே தடிப்புக் கிடைப்பது இதனால்தான். அந்தத் தடிப்பு, விரிசல் மீண்டும் மூடிவிடாமல் தாங்கி நிற்பதற்காக உள்ளே கொண்டு செல்ல வேண்டிய மணலைக் கீழே படியவிடாமல் சுமக்கிறது. விரிசலின் சுவர்களில் உள்ள நுண்துளைகளை எண்ணெய்த் துளிகள் அடைத்துக்கொள்வதால், செலுத்திய நீர்மம் பாறைக்குள் கசிந்து வீணாவதும் குறைகிறது. பிசின் மூன்றில் ஒரு பங்கு நீரில் மட்டுமே இருப்பதால், வேலை முடிந்த பின் மணலின் இடைவெளிகளில் தங்கி வழியை மறிக்கும் கசடும் அந்த அளவுக்குக் குறைவு. கிணற்றுப் பொறியாளர்கள் இம்முறையை விரும்பியதற்கு முதற்காரணம் இந்தத் தூய்மைதான். தண்ணீரை மிச்சப்படுத்துவது அன்று அவர்கள் கவலையாக இருக்கவில்லை.

என் கண்ணுக்கு மிக அழகாகத் தோன்றும் பகுதி, இந்தப் பால்மம் உடையும் விதம். எங்கள் ஆலையில் பால்மம் உடைவதென்றால் அது வாடிக்கையாளரின் புகார்க் கடிதம் என்று பொருள். வண்ணப்பூச்சோ, மரத்துக்குப் பூசும் மெழுகோ, பூச்சிக்கொல்லியோ, இரண்டு கோடை தாண்டியும் பிரியாமல் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் எங்களுக்குச் சம்பளம். கிணற்றுக்குள் போகும் பால்மமோ சில மணி நேரம் உறுதியாக நின்றுவிட்டு, பின்னர் தானாகவே பிரிந்து, எண்ணெய் எண்ணெயாகவும் நீர் நீராகவும் வெளியே ஓடிவர வேண்டும். இதற்குத் தனியாக எதையும் ஊற்றத் தேவையில்லாதபடி பால்மமாக்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். அது பாறையின் பரப்பில் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. விரிசலில் புதிதாகத் திறந்த பாறைப் பரப்பு அந்த மூலக்கூறுகளைத் தன்பால் இழுத்துக்கொள்ள, துளிகளைக் காத்து நின்ற மென்படலம் வறியதாகி, துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிப் பால்மம் குலைந்துவிடுகிறது. எந்தப் பாறையைப் பிளக்கிறோமோ அந்தப் பாறையே நீர்மத்தை உடைக்கும் மருந்தாகவும் ஆகிவிடுகிறது.

உடையாமல் நின்றுவிட்டால் பெருந்தொல்லை. கச்சா எண்ணெயிலுள்ள ஆஸ்ஃபால்டீன்கள் என்னும் தார் போன்ற கனமான சேர்மங்கள் இயற்கையான பால்மமாக்கிகள். பாறையிலிருந்து உதிரும் நுண்துகள்களும் துளிகளின் பரப்பில் குடியேறி அவற்றைக் கவசம் போர்த்ததுபோல் காக்கக் கூடியவை. பிக்கரிங் என்ற வேதியியலாளர் 1907இலேயே விளக்கிய இயல்பு இது. அத்தகைய நிலையில், விரிசலையொட்டிய பாறைத் துளைகளுக்குள் கெட்டியான பால்மம் சிக்கிக்கொண்டு, கிணற்றின் விளைச்சலைக் கூட்டுவதற்காகச் செய்த வேலையே அதைக் குறைத்துவிடும். ஆகவே அந்தந்தக் கிணற்றின் எண்ணெய், அந்தந்தப் பாறையின் தூள், பயன்படுத்தப்போகும் அதே தண்ணீர் ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் சேர்த்துக் குலுக்கி, பூமிக்கடியில் அந்தப் பாறையடுக்கில் உள்ள வெப்பத்தில் வைத்து, எவ்வளவு நேரத்தில் பிரிகிறது என்று பார்த்த பிறகே செலுத்துவது முறை. விளம்பரத் தாளிலுள்ள எண்களை நம்பி இதில் இறங்க முடியாது.

இனி நலிவுகள். தடித்த நீர்மத்தைக் குறுகிய குழாய் வழியே வேகமாகத் தள்ளும்போது உராய்வு மிகுதியாகி, மேலேயுள்ள பம்புகளின் அழுத்தம் பெருமளவில் உயர்கிறது. வெப்பம் ஏற ஏறப் பால்மத்தின் தடிப்பு விரைவாகக் குறைவதால் வெப்பம் மிகுந்த ஆழக் கிணறுகளுக்கு அது ஏற்றதன்று. எரியும் எண்ணெயை உயர் அழுத்தத்தில் செலுத்துகையில் ஓர் இணைப்பு கசிந்தாலும் தீ விபத்துக்கு இடமுண்டு. இவை எல்லாவற்றுக்கும் மேலாகச் செலவு. செலுத்திய எண்ணெய் கிணற்றின் சொந்த எண்ணெயோடு திரும்பி வந்து விற்பனையானால்தான் கணக்கு நேராகும். பால்மம் எண்ணெய்க் கிணறுகளின் நீர்மம் என்று நான் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

கரூவில் எண்ணெய்க் கிணறுகள் இல்லை. அங்கே தேடப்படுவது வைட்ஹில், பிரின்ஸ் ஆல்பர்ட் போன்ற களிப்பாறைப் படிவுகளில் அடைபட்டிருக்கும் உலர் எரிவாயு. ஏறத்தாழ 18 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தப் படிவுகளை ஊடுருவிய டாலரைட் எரிமலைக் குழம்பு அவற்றை எண்ணெய் நிலையைத் தாண்டி வேகவைத்துவிட்டது; எவ்வளவு வாயு மிஞ்சியிருக்கிறது என்பதிலேயே அறிஞரிடையே பெரும் வேறுபாடு நிலவுகிறது. அமெரிக்க எரிசக்தித் தகவல் முகமை 2013இல் 390 டிரில்லியன் கன அடி என்றது; 2017இல் ஜோஹன்னஸ்பர்க் பல்கலைக்கழகப் புவியியலாளர்களை உள்ளடக்கிய குழு 13 டிரில்லியன் கன அடி அளவில் மதிப்பிட்டது. முப்பது மடங்கு வேறுபாடுள்ள இரு எண்களை வைத்துக்கொண்டு ஒரு நாடு கொள்கை வகுக்க வேண்டியிருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கிடைமட்டமாகத் துளைத்துப் பல கட்டங்களாகப் பிளக்கப்படும் ஒரு களிப்பாறைக் கிணற்றுக்கு 1.5 கோடி லிட்டர் நீர்மம் என்று கொள்வது மிகையன்று. அதில் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய் என்றால் 1 கோடி லிட்டர். 40,000 லிட்டர் கொள்ளும் டாங்கர் லாரியில் ஏற்றினால் 250 நடை. அதுவும் ஒரே ஒரு கிணற்றுக்கு. மிச்சமாகும் தண்ணீரும் அதே 1 கோடி லிட்டர்தான். லிட்டருக்கு லிட்டர் டீசலைக் கொடுத்துத் தண்ணீரை வாங்குகிறோம். அந்த டீசல் எங்கிருந்து வரும்? டர்பனின் வென்ட்வொர்த்தில் இருந்த எங்கென் சுத்திகரிப்பு ஆலை 2020 டிசம்பர் தீ விபத்துக்குப் பிறகு எண்ணெய் சுத்திகரிப்பதை விட்டுவிட்டது. டர்பனின் மற்றொரு சுத்திகரிப்பு ஆலையான சாப்ரெஃப் 2022இல் நின்றது. பக்கத்து மெர்பேங்க்கில் குடியிருப்போர் அந்தப் புகைபோக்கிகள் ஓய்ந்ததால் நிம்மதியாக மூச்சுவிட்டாலும், நாடு இறக்குமதி டீசலை முன்னைவிட மிகுதியாக நம்பி நிற்கிறது. கப்பலில் வந்திறங்கிய டீசலை மலையேற்றி, வறண்ட உள்நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பூமிக்குள் செலுத்துவதை எந்தக் கணக்காளரும் ஒப்பமாட்டார். செலுத்திய எண்ணெயில் ஒரு பகுதி நுண்துளைகளில் தங்கி வாயுவின் வழியையும் மறிக்கும். வைட்ஹில் படிவின் ஆழமும் கிலோமீட்டர் கணக்கில் இருப்பதால் வெப்பமும் நமக்கு எதிராகவே நிற்கிறது.

தண்ணீர்க் கவலை பொய்யென்று நான் சொல்லவில்லை. கரூவின் பெரும்பகுதியில் ஆண்டு மழை 400 மில்லிமீட்டரை எட்டுவதில்லை. பண்ணைகள் காற்றாடி இறைப்பான்களால் எடுக்கும் நிலத்தடி நீரை நம்பி வாழ்கின்றன. கரூவிலுள்ள போஃபர்ட் வெஸ்ட் நகரம் 2011இல் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீராக்கும் நிலையத்தை நிறுவ வேண்டிய நிலைக்கு வந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கேயுள்ள டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமடைந்த பின் மாதக்கணக்கில் குழாயில் நீர் வராமல் திண்டாடிய எங்கள் உறவினர்களுக்கு, ஓர் ஊர் தண்ணீருக்கு ஏங்குவது எப்படியிருக்கும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

எண்ணெய்க்கு மாற்றாகச் சிலர் முன்வைப்பது கரியமில வாயு. அதை அழுத்திக் குளிர்வித்து நீர்மமாக்கி, தடிப்பாக்கிய தண்ணீரோடு 70 முதல் 75 விழுக்காடு வரை சேர்த்துச் செலுத்துகிறார்கள். பலர் இதை நுரை என்றே அழைத்தாலும், மேற்பரப்பில் இரண்டும் நீர்ம நிலையில் இருப்பதால் அது உண்மையில் பால்மமே. கீழே 31 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் கரியமில வாயு மீநிலைப் பாய்மமாக, அதாவது வாயுவுக்கும் நீர்மத்துக்கும் இடைப்பட்ட நிலைக்கு மாறுகிறது. தண்ணீர் நான்கில் ஒரு பங்காகக் குறைகிறது. வேலை முடிந்து அழுத்தம் விலகும்போது வாயு விரிந்து, எஞ்சிய நீரைத் தானே மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. இது எண்ணெயைவிட அறிவுக்கு உகந்த வழி என்பது என் கருத்து. செக்குண்டாவில் நிலக்கரியிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் சாசோல் ஆலை உலகிலேயே ஒரே இடத்திலிருந்து மிகப்பெரிய அளவில் கரியமில வாயுவை வெளியேற்றும் ஆலைகளில் ஒன்று என்பதால், சரக்குக்கும் பஞ்சமில்லை என்று வாதிடலாம். ஆனால் லாரிக் கணக்கு இங்கும் விடுவதில்லை. 1.5 கோடி லிட்டரில் 75 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 11,500 டன் நீர்மக் கரியமில வாயு. 25 டன் கொள்ளும் குளிரூட்டிய டாங்கரில் 460 நடை, ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தொலைவு. மேலும் அது நீரில் கரைந்து அமிலமாவதால் எஃகுக் குழாய்களை அரிக்கிறது. கொத்தவரைப் பிசினின் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைக்க வழக்கமாகச் சேர்க்கும் போரேட்டு உப்பு கார ஊடகத்தில் மட்டுமே வேலை செய்யும் என்பதால் இங்கே பயன்படாமல் போக, சிர்க்கோனியம் சார்ந்த வேறு சேர்மங்களைத் தேட வேண்டியிருக்கிறது. முதலில் வெளிவரும் எரிவாயுவில் கரியமில வாயு மிகுந்திருப்பதால் அதைக் குழாய்வழியே விற்கவும் முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும், கரூவுக்கு உண்மையாகவே பயன்படக்கூடிய பால்மம் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றித்தான் விருந்துகளில் யாரும் பேசுவதில்லை.

இன்றைய களிப்பாறைக் கிணறுகளில் பெரும்பாலும் செல்வது தடித்த பசையன்று, வழுவழுப்பாக்கிய தண்ணீர். குழாயில் உராய்வைக் குறைப்பதற்காக அதில் சேர்க்கும் பாலிஅக்ரிலமைடு என்னும் நீள்பலபடியைத் தூளாகத் தண்ணீரில் தூவினால் கட்டிகட்டியாக நிற்கும். கரைசலாகக் கொண்டுவந்தால் லாரி லாரியாகத் தண்ணீரைச் சுமக்க வேண்டும். ஆகவே அதைத் தலைகீழ்ப் பால்மமாகச் செய்கிறார்கள்: எண்ணெய் வெளியே, பலபடி செறிந்த நீர்த்துளிகள் உள்ளே. பலபடி ஏறத்தாழ 30 விழுக்காடு வரை இருந்தாலும் பால் போல ஊற்றலாம். பெருந்தண்ணீரில் விட்டதும், உடன் வைத்திருக்கும் இரண்டாவது பரப்புவேதிப்பொருள் (பால்மமாக்கியின் இனத்தைச் சேர்ந்த சர்ஃபக்டன்ட்) பால்மத்தைப் புரட்டிப்போட, சில நொடிகளில் பலபடி விரிந்து கரைந்துவிடுகிறது. ஆயிரம் லிட்டருக்கு அரை லிட்டர் என்று வைத்தால், 1.5 கோடி லிட்டர் பணிக்கு 7,500 லிட்டர் பால்மம் போதும்; ஒரே லாரியில் அடங்கிவிடும்.

தண்ணீரை மிச்சப்படுத்துவதில் இதற்கு என்ன பங்கு என்று கேட்கலாம். சாதாரண வகைகள் உப்பு மிகுந்த நீரில் சரியாகப் புரள்வதில்லை. பலபடியும் சுருண்டு கிடந்து உராய்வைக் குறைக்காமல் ஏமாற்றிவிடும். அதனால் நன்னீரே வேண்டும் என்று நிறுவனங்கள் கேட்கின்றன. உப்பைத் தாங்கும் பலபடிகளும், உப்புநீரிலும் விரைந்து புரட்டும் பரப்புவேதிப்பொருள்களும் இப்போது கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு, குடிக்கவோ ஆட்டுக்குக் காட்டவோ உதவாத ஆழத்து உவர்நீரையும், முந்தைய கிணற்றிலிருந்து திரும்பி வந்த நீரையும் மீண்டும் பயன்படுத்தலாம். கரூவின் குடிநீரில் கைவைக்காமல் இருக்க வழி உண்டென்றால், அது அரை லிட்டர் பால்மத்தின் தரத்தில் இருக்கிறதேயன்றி ஒரு கோடி லிட்டர் டீசலில் இல்லை. ஆழத்து உவர்நீரை எடுப்பது மேலுள்ள நன்னீரைப் பாதிக்காதா என்பது தனிக் கேள்வி. அதற்கு நிலத்தடி நீரியலாளர்தான் விடை தர வேண்டும்.

வேதிப்பொருள்களைப் பற்றிய அச்சத்தையும் நான் எளிதாகத் தள்ளிவிட மாட்டேன். அமெரிக்காவில் 2005ஆம் ஆண்டின் எரிசக்திக் கொள்கைச் சட்டம், குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் பிடியிலிருந்து விரிசல் நீர்மங்களை விலக்கி வைத்தபோதுகூட, டீசலுக்கு மட்டும் அந்த விலக்கைத் தரவில்லை. அதிலுள்ள பென்சீன் முதலிய சேர்மங்களே காரணம். பால்மமாக்கிகளில் நோனைல்பீனால் எத்தாக்சிலேட் வகையை ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் இயற்றிய சட்டத்தால் பல பயன்பாடுகளில் கட்டுப்படுத்தியது. மலிவானது, நன்றாக வேலை செய்வது, ஆனால் சிதைந்தால் மீன்களின் நாளமில்லாச் சுரப்பிகளைக் குழப்பக்கூடியது. மாற்றுப் பொருள்கள் சந்தையில் உண்டு. சற்று விலை கூடும்.

நம் நாட்டில் சட்டநிலை இன்னும் முடிச்சவிழாமல் கிடக்கிறது. 2011இல் விதித்த தற்காலிகத் தடை 2012 செப்டம்பரில் நீக்கப்பட்டது. 2015இல் வெளியான ஒழுங்குமுறை விதிகளை, அவற்றை இயற்றும் அதிகாரம் கனிமவள அமைச்சருக்கு இல்லை என்று கூறி, 2019 ஜூலையில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. நம் குவாசுலு-நட்டால் உள்நாட்டு மேட்டுநிலங்களிலும் எண்ணெய், எரிவாயு தேடலுக்கான விண்ணப்பங்கள் எழுந்து, பண்ணையாளர்கள் எதிர்த்து நின்றதைப் பார்த்தோம்.

ஆதலால் அடுத்த முறை பொதுமக்கள் கருத்தறியும் கூட்டம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் நடந்தால், "தண்ணீரா, எண்ணெயா?" என்று கேட்டு நிறுத்திவிட வேண்டாம் என்று மைத்துனரிடம் சொல்லியிருக்கிறேன். உராய்வுக் குறைப்பான் எந்த அளவு உப்புச் செறிவு வரை வேலை செய்யும், அதைச் சுமக்கும் எண்ணெய் எந்த வகை, புரட்டும் பரப்புவேதிப்பொருளின் முழு வேதிப்பெயர் என்ன, திரும்பி வரும் நீரில் எவ்வளவு விழுக்காடு மறுபடி பயன்படும் என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தொழில் இரகசியம் என்று முதல் பதில் வரும். எங்கள் ஆலையிலும் அப்படித்தான் பதில் எழுதுவோம். ஆனால் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் விடாமல் கேட்டால், இரண்டு வாரத்தில் தாள் அவர் மேசைக்குப் போய்விடும்.